தாதியரின் குரலுக்கும் இடமளிக்கப்பட வேண்டும்

வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளியை வைத்தியர் நாளொன்றுக்கு ஓரிரு தடவைகளே பார்வையிடுகின்றார். எஞ்சிய நேரம் முழுவதும் அவரது கட்டிலருகே இருப்பவர்கள் தாதியரே. நோயாளிக்கு மூச்சு வாங்குவதையும் குருதி அமுக்கம் குறைவதையும் முதலில் அறிபவர்களும் அவர்களே. அறிந்ததைத் தயக்கமின்றி வைத்தியரிடம் எடுத்துரைக்கக்கூடிய சூழ்நிலை நிலவுகின்றதா என்பதே கேள்வியாகும்.

இத்தயக்கம் எமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் லெனார்ட் ஸ்டெயின் 1967ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இதனை ஒரு விளையாட்டு என்றே வர்ணித்திருந்தார். தாதி ஆலோசனை கூறலாம். ஆனால், அது வைத்தியருக்கே உதித்த எண்ணம் போலத் தோன்ற வேண்டும் என்பதே அவ்விளையாட்டின் விதி. இதில் தோற்பவர் நோயாளியே என்பதைக் கூறத் தேவையில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2008ஆம் ஆண்டில் சத்திரசிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலொன்றை அறிமுகப்படுத்தியது. நோயாளி யார், எந்த இடத்தில் சத்திரசிகிச்சை என்பனவற்றைச் சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து வைத்தியரும் தாதியும் வாய்விட்டுக் கூறி உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. எட்டு நகரங்களிலுள்ள எட்டு வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வின்படி, இறப்பு வீதம் 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பேசுவதை விதியாக்கியமையின் பயன் அது.

எமது நாட்டிலோ இரு தரப்பினரும் சம்பள விவகாரங்களிலேயே எதிரெதிராக நிற்கின்றனர். வைத்தியர்களின் கொடுப்பனவை 35,000 ரூபாவால் அதிகரிக்க 2024 ஜனவரியில் எடுக்கப்பட்ட தீர்மானத்தையடுத்து, ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினரை அனுப்பவும் நேர்ந்தது. ஊதியக் கோரிக்கைகள் நியாயமானவையாக இருக்கலாம். ஆயினும், அவை விட்டுச்செல்லும் கசப்பு நோயாளர் விடுதிக்குள் நுழைந்துவிடக் கூடாது.

தமிழ் பேசும் மக்களுக்கு இதில் மேலதிக அக்கறை உண்டு. தமிழறியாத வைத்தியரும் தமிழ் மட்டுமே அறிந்த நோயாளியும் சந்திக்கும் இடங்களில் தாதியே பாலமாக விளங்குகின்றார். அவரது வாய் அடைபடுமாயின் நோயாளியின் வாயும் அடைபட்டுவிடும்.

வைத்தியர் நோயாளர்களைப் பார்வையிடும்போது தாதியின் அவதானத்தையும் கேட்டுப் பதிவுசெய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். மருத்துவ மாணவரும் தாதிய மாணவரும் சில பயிற்சிகளையேனும் ஒன்றாகப் பெற வேண்டும். பெருநிதி தேவைப்படாத இச்சீர்திருத்தங்களைச் சுகாதார அமைச்சு இனியும் தாமதிப்பதற்கு நியாயமில்லை.