பக்கவிளைவு யார் பக்கம்?

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பின் தட்டணுக்களின் எண்ணிக்கை 40,000 என்று பரிசோதனைத் தாளில் வந்துவிட்டால், குடும்பம் முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: இதை எப்படி ஏற்றுவது? ஹைதராபாத்தின் மருத்துவமனைக் கூடங்களில் இக்கேள்வி தெலுங்கிலும் உருதிலும் தமிழிலும் ஒலிக்கிறது. இயல்பான கேள்விதான். ஆனால் இது இரண்டாவதாக வரவேண்டியது. ஏன் குறைந்தது, ஏற்றியே ஆகவேண்டுமா என்பவை இதற்கு முந்தியவை.

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை தட்டணுக்கள் இருப்பது இயல்பு. பெரும்பாலான பெரிய அறுவைகளுக்கு 50,000, மூளை அறுவைக்கு 1 இலட்சம் என்பன பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்புகள். இவை இயற்கை கிழித்த கோடுகள் அல்ல. பெரிதும் வல்லுநர்களின் உடன்பாட்டில் பிறந்தவை. சில வேளைகளில் அந்த எண்ணே பொய்யாக இருக்கும். இரத்தம் உறையாதிருக்கக் குழாயில் சேர்க்கப்படும் இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இயந்திரம் குறைத்து எண்ணிவிடுகிறது. சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்துப் பார்ப்பதும், கண்ணாடிச் சில்லில் இரத்தத்தைப் பரப்பி நுண்ணோக்கியில் காண்பதும் எந்த மருந்தையும்விட மலிவானவை.

குறைவு உண்மையென்றாலும் வழி ஒன்றல்ல. ஒவ்வொரு வழிக்கும் தனி விலை உண்டு. ஒரே கொடையாளரிடமிருந்து பிரித்தெடுத்த தட்டணுப் பை, எண்ணிக்கையை ஏறத்தாழ 30,000 முதல் 50,000 வரை உயர்த்தும். அப்பயன் சில நாள்களே நிற்கும். காய்ச்சல், ஒவ்வாமை, அரிதாகக் கிருமித் தொற்று அதனுடன் வரலாம். உடலின் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களை அழிக்கும் நோயில், ஏற்றியவையும் விரைவில் அழியும். அந்நோய்க்கு முதல் மருந்தான ஸ்டீராய்டு மலிவானது. ஆனால் பயன் தெரியச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். அதற்குள் சர்க்கரை ஏறும், உறக்கம் கெடும், தொற்றுக்கு வழி திறக்கும், புண் ஆறத் தாமதமாகும். அறுவைக்குச் செல்பவருக்கு இக்கடைசி இரண்டும் சிறியவை அல்ல. நரம்புவழி இம்யூனோகுளோபுலின் ஓரிரு நாள்களில் எண்ணிக்கையை உயர்த்தும், விலை மிகுதி, தலைவலி முதல் சிறுநீரகப் பாதிப்பு, இரத்தக்கட்டு வரை அதன் பட்டியல் நீளும்.

எண்ணை மட்டும் பார்ப்பதன் ஆபத்தை 2012இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. கல்லீரல் நோயால் தட்டணு குறைந்த 292 பேரில் ஒரு பாதியினருக்குச் சிகிச்சைக்கு முன் 14 நாள்கள் எல்ட்ராம்போபாக் மாத்திரை தரப்பட்டது. அவர்களில் 72 விழுக்காட்டினருக்குத் தட்டணு ஏற்றும் தேவையே எழவில்லை. வெற்று மாத்திரை பெற்றோரில் அது 19 விழுக்காடுதான். எண்ணளவில் பெருவெற்றி. ஆயினும் மாத்திரை பெற்றோரிடையே கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் இரத்தக்கட்டுகள் மிகுதியாகத் தோன்றியதால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. கல்லீரல் நோயில் உறையச் செய்யும் பொருள்களோடு உறைதலைத் தடுப்பவையும் குறைந்துவிடுகின்றன; தராசின் ஒரு தட்டை மட்டும் அழுத்தினால் மறுதட்டு சும்மா இராது.

ஹைதராபாத் இப்பாடத்தை முன்பே ஒருமுறை கற்றது. 1888இலும் 1889இலும் நிஜாமின் ஆதரவில், அறுவை மருத்துவர் எட்வர்ட் லாரியின் முன்முயற்சியால், இரு குளோரோஃபார்ம் ஆணையங்கள் இங்கே விலங்குகளில் சோதனை நடத்தின. இம்மயக்கமருந்து மூச்சை நிறுத்தியே கொல்கிறது, ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்று அவை முடிவு கூறின. குளோரோஃபார்ம் இதயத் துடிப்பையே திடீரெனக் குலைத்துக் கொல்லக்கூடும் என்பதைப் பின்னர், 1911இல், குட்மன் லெவி காட்டினார். ஆணையத்தினர் அக்கறையற்றவர்கள் அல்லர். ஓர் அடையாளத்தில் அவர்கள் வைத்த நம்பிக்கை மற்றொன்றை மறைத்துவிட்டது.

சொல்லும் மறைக்க வல்லது. தெலுங்கில் துஷ்ப்ரபாவம் என்கிறார்கள். தீய விளைவு என்பது அதன் பொருள். உருதில் வழங்கும் சொற்களுள் ஒன்றான முஸிர் அஸராத் என்பதற்கும் கேடு தரும் விளைவுகள் என்றே பொருள். தமிழின் 'பக்கவிளைவு' தீங்கைப் பற்றி ஏதும் கூறாமல் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. எது நடு, எது பக்கம் என்று வகுத்தவர் மருந்தை எழுதுபவர்; விழுங்குபவருக்கு எல்லாமே விளைவுகள்தாம். இச்சொல்லை மாற்றவேண்டும் என்பதன்று வாதம். ஒப்புதல் படிவத்தை விளக்கும்போது அந்தப் பக்கத்தையும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே.

ஒப்புதல் பெறுமுன் சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்ல வேண்டுமென 2008 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆங்கிலப் படிவத்தில் இடும் கைநாட்டு இக்கடமையை நிறைவேற்றாது. ஏன் குறைந்தது, இந்த அறுவைக்கு எவ்வளவு போதும், எத்தனை நாள் பொறுக்கலாம், ஏற்றும் மருந்து வேறெதைத் தொடும் என்னும் நான்கையும் நோயாளி தம் மொழியில் கேட்டு, தம் மொழியில் விடை பெறவேண்டும். அதற்கு ஆகும் நேரம் கால் மணி. அதைத் தரமுடியாத அளவுக்கு எந்த மருத்துவமனைக்கும் வேலைப்பளு இருக்கலாம். ஆனால் நாள் குறித்த அறுவையில் அந்தக் கால் மணி எப்போதும் இருக்கிறது.