ஓர் எழுத்துக்காகச் சிறை சென்றவர்கள் நாம்

1957ஆம், 1958ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டிலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறிக்க வேண்டுமென அரசாங்கம் கட்டளையிட்டது. எம்மவர் அடிபணிந்தாரில்லை. அந்த எழுத்தைத் தார் பூசி மறைத்தனர், தமிழ் எழுத்தைத் தாங்கிய தகட்டோடு வண்டி ஓட்டினர், நீதிமன்றம் ஏறினர், சிறை சென்றனர். எதற்காக? ஓர் எழுத்துக்காக! "எழுத்து ஒன்றுதானே, வண்டி ஓடினாற் போதாதா?" என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், அவரைக் கோடரிக்காம்பு என்று இகழ்ந்திருப்போம்.

இன்று நடப்பதென்ன? அந்தச் சத்தியாக்கிரகிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நாம் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் எழுதும் தமிழைப் பாருங்கள். லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேற்றுமையில்லை. வல்லெழுத்து மிக வேண்டிய இடத்தில் மிகுவதில்லை. மிகாத இடத்தில் வந்து குந்திக்கொள்கிறது. தமிழ் எழுத்தையே கைவிட்டு, ஆங்கில எழுத்திலே தமிழை எழுதுவோரும் பெருகிவிட்டனர். பிழையைச் சுட்டிக்காட்டினாற் கிடைக்கும் மறுமொழி ஒன்றே: "விளங்கினாற் போதாதா?"

போதாது என்கிறோம்.

யாழ்ப்பாணத்துக் கமக்காரரைக் கேட்டுப் பாருங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்குப் பார்ப்பவர் அவர். அயலவர் வேலிக் கதியாலை ஒரு சாண் உள்ளே நகர்த்தி நட்டுவிட்டால், "காணி இன்னதென்று விளங்குகிறதுதானே, போகட்டும்" என்று அவர் வாளாவிருப்பாரா? கோடு கச்சேரி ஏறி, எல்லையை நிலைநாட்டிய பின்னரே ஓய்வார். எழுத்துகளும் சொற்களுக்கு நட்ட எல்லைக் கதியால்களே. ஒன்றை நகர்த்தினால் பொருள் மாற்றான் வளவுக்குப் போய்விடும்.

உழவு இயந்திரத்துக்குக் கடன் கேட்கும் விண்ணப்பத்திலே ழகரம் ளகரமானால், அது உளவு இயந்திரமாகிறது. இந்நாட்டிலே தமிழன் ஒருவன் அப்படியொரு பொருளுக்குக் கடன் கேட்டால் என்ன நேருமென்று நாம் விளக்க வேண்டியதில்லை! வெள்ள நிவாரணம் வெல்ல நிவாரணமானால், பயிரை இழந்தவர் சர்க்கரைக்கட்டி கேட்டவராகிறார். இரண்டரை என்றால் இரண்டும் அரையும். இரண்டறை என்றால் இரண்டு அறைகள். வாக்களிப்பது குடிமக்களின் கடமை, வாக்கழிப்பது குற்றம்.

இவை வேடிக்கைக்குச் சொன்னவையல்ல. அண்மையிலே எமது பார்வைக்கு வந்த ஒரு விண்ணப்பம் இது. காணி அளிப்புப் பத்திரம் பெற்ற கமக்காரர் சிலர், வெள்ளத்தால் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கோரியிருந்தனர். "அரசாங்கம் எமக்கு அளித்த வயல்கள்" என்றிருக்க வேண்டிய இடத்தில் "அரசாங்கம் எமக்கு அழித்த வயல்கள்" என்றிருந்தது. "பயிர்கள் அழிந்தன" என்றிருக்க வேண்டிய இடத்தில் "பயிர்கள் அளிந்தன" என்றிருந்தது. வழங்கிய அரசாங்கம் நாசஞ்செய்த அரசாங்கமாயிற்று. நாசமடைந்த நெற்பயிர் கனிந்து குழைந்த வாழைப்பழமாயிற்று! விண்ணப்பத்தை வாசித்த உத்தியோகத்தர் சிரித்தாராம். ஒப்பமிட்ட கமக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் எழுதியதன்று அது. பட்டம் பெற்ற ஒருவர் தமது தொலைபேசியிலே எழுதிக் கொடுத்தது.

இங்கேதான் எமது குற்றச்சாட்டு நிற்கிறது. எழுதக் கற்கும் வாய்ப்பில்லாமற் பிழைவிடுபவர் குற்றவாளியல்லர். அவரை எள்ளி நகையாடுவோரையே நாம் கண்டிப்போம். கற்றும், தெரிந்தும், திருத்த நேரமிருந்தும் திருத்தாதவரே குற்றவாளி. ஆங்கிலத்திலே ஒரு கடிதம் எழுதும்போது மும்முறை வாசித்து, ஓர் எழுத்துத் தவறினாலும் வெட்கப்படும் வைத்தியரும் பொறியியலாளரும் நியாயவாதியும், தமிழிலே எழுதும்போது அந்த வெட்கத்தை எங்கே கழற்றி வைக்கின்றனர்? எமது தொழிலையும் நாம் விலக்கவில்லை. பிறப்புப் பதிவில் ஒருவர் பெயர் ழகரத்தோடும், அடையாள அட்டையில் ளகரத்தோடும், காணி உறுதியில் லகரத்தோடும் கிடப்பதை நாள்தோறும் காண்கிறோம். மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க, வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வருபவர் யார்? அந்த ஏழைதான். பிழை விட்டவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை.

இனி அரசாங்கத்தின் பக்கம் திரும்புவோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென்று அரசியலமைப்பில் எழுதப்படுவதற்கு, 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் வரை, முப்பத்தோராண்டுகள் சென்றன. அதற்கிடையே சிந்திய இரத்தத்துக்குக் கணக்கில்லை. அவ்வாறு வந்த உரிமை இன்று எப்படி இருக்கிறது? கந்தோர்ப் பலகைகளிலும் வீதிப் பலகைகளிலும் தமிழ் சிதைந்து கிடக்கிறது. இது அவமதிப்பு, இதனை நாம் மன்னிக்கவில்லை.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். அந்தப் பலகையைப் படம் பிடித்து, "தமிழைக் கொலை செய்கிறார்கள்" என்று முகநூலிலே கொதித்தெழுகிறோமே, அந்தக் கண்டனத்திலேயே நான்கு பிழைகள் இருந்தால் அது யார் செய்த கொலை? இந்நாட்டுச் சட்டங்களின் இறுதிப் பிரிவுகளைப் புரட்டிப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு நேர்ந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற விதி திரும்பத் திரும்பக் காணப்படும். இவ்விதியை எதிர்த்து, இரு உரைகளும் சமமென்று வாதாட வேண்டியவர்கள் நாம். "உங்கள் மொழியில் ஒரு சொல்லை ஒரே வகையாக எழுத உங்களாலேயே முடியவில்லையே, அதனை நம்பி எவ்வாறு தீர்ப்புச் சொல்வது?" என்று எதிர்த்தரப்புக் கேட்டால் எமது விடை என்ன?

இயந்திரத்தின்மேற் பழி போடுவோர் உளர். தொலைபேசி தவறான சொல்லை முன்னே நீட்டுகிறதாம். நீட்டுவது இயந்திரம், ஏற்றுக்கொள்வது எமது விரல். நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் கொணர்ந்து, தமிழ் நூல்களைப் பிழையற அச்சிட்டுத் தந்தார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவர்கள் பட்ட பாட்டில் நூற்றிலொரு பங்குகூட எம்மிடம் எவரும் கேட்கவில்லை. அனுப்புமுன் ஒருமுறை வாசியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பேச்சுத்தமிழுக்கு நாம் பகைவர் என்றும் எவரும் எண்ண வேண்டாம். யாழ்ப்பாணப் பேச்சும், மட்டக்களப்புப் பேச்சும், மலையகப் பேச்சும் எமது முதுசங்கள். பேசுவதுபோல் எழுதுவது வேறு. பிழைபட எழுதுவது வேறு. வீட்டிலே பேசும் மொழியை அழகாக எழுதலாம். அதற்கும் எழுத்துத் தெரிய வேண்டும்.

ஆதலால் நாம் வேண்டுவது இவையே. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், சனசமூக நிலையமும், ஆலய பரிபாலன சபையும், தமிழ் அறிந்த ஒருவர் வாசித்துத் திருத்தாமல் எந்த விண்ணப்பத்தையும் அறிவித்தலையும் வெளியே விடக்கூடாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இல்லாத கிராமம் எது? அவரிடம் செல்லுங்கள். அரசியற் கட்சிகளின் துண்டுப்பிரசுரங்களுக்கும் இதுவே விதி. எமது பிரசுரங்களில் பிழை கண்டால் எம்மையும் கண்டியுங்கள். பிழையான பலகையைக் கண்டால், கொதிப்பதோடு நில்லாது, சரியான சொல்லையும் எழுதி அந்தத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் அசையாவிடின், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள். முறைப்பாட்டைப் பிழையற்ற தமிழிலே எழுதுங்கள்!

சிங்கள எழுத்தைத் தார் பூசி மறைத்தவர்கள், தமிழ் எழுத்து அங்கே நிற்க வேண்டுமென்றே அதனைச் செய்தார்கள். அந்தத் தமிழ் எழுத்தை இன்று எந்த அரசாங்கமும் எமது விரலிலிருந்து பறிக்கவில்லை. நாமே அழிக்கிறோம். அதனை நிறுத்தும் அதிகாரமும் எம்மிடமே உண்டு. அதற்குச் சட்டமும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம்.