கிட்டங்கியில் வீட்டுச் சாமான் வைக்கலாமா?



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. என் தம்பி வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தப்பிய பீரோ, மெத்தை, துணிமணி, மின்விசிறி, பித்தளைப் பாத்திரங்களை என் கிட்டங்கியில் துவரம்பருப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கச் சொன்னேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

தம்பி மனைவிக்கு எந்த நெடியும் ஆகாது. ஊதுபத்தி ஏற்றினாலே தலைவலி, மூச்சுமுட்டல். இரண்டு மாதம் கழித்துச் சாமான் வீடு போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே அதற்கு முடியவில்லை. "அத்தான், மெத்தையில என்ன மருந்து அடிச்சிய?" என்று கேட்டது. விசாரித்தேன். லோடுமேன் நல்லெண்ணத்தில் துணிக்குள் ஒரு பாக்கெட் பாச்சை உருண்டையைக் கொட்டியிருந்தார். பூச்சிக்காகச் சுவரில் அடித்த மாலத்தியான் மெத்தையிலும் பட்டிருந்தது. துணிகளைப் பலமுறை துவைத்து வெயிலில் போட்டோம். மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

"மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று நான் முதலில் சொன்னது தவறு. நாற்பது வருடம் மருந்து நெடியில் மரத்துப்போன மூக்கு என்னுடையது.

அந்த இரண்டு மாதத்தில் கிட்டங்கியில் புகைமருந்து போடாதது கடவுள் புண்ணியம். அலுமினியம் பாஸ்பைடு வில்லை, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பின் என்ற விஷவாயுவை விடும். மழைக்காலக் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவா? அந்த வாயு செம்பையும் அரிக்கும். மின்விசிறி, மிக்சி, டி.வி. கெட்டுப்போகும். பூண்டு வாடை வரவில்லை என்பதற்காக வாயு இல்லை என்று உள்ளே போய்விடக் கூடாது. சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். கடைக்குப் பின்னாலோ மாடியிலோ குடியிருக்கும் நம்மவர்கள் இதை யோசிக்க வேண்டும். 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்தோமே!

அரிசி டிரம்மில் போட வில்லை கேட்டு வாடிக்கையாளர் வந்தால், எவ்வளவு வேண்டியவரானாலும் இல்லையென்று சொல்லிவிடுங்கள். அது பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டியது. நம் கடைச் சரக்கு அல்ல. பினாயில், சோப்பு, பாச்சை உருண்டையை அரிசி, மாவுக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். அரிசி வாடையை இழுத்துக்கொள்ளும்.

நெடி ஆகாதவர்களின் துணியை நன்றாக உலர்த்தி, பழைய டிரங்குப் பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை வெயில் காட்டினால் போதும். வசம்பு, வேப்பிலை வைப்பதானாலும் முதலில் அவர்களைக் கேளுங்கள். சிலருக்கு அந்த வாடையும் ஆகாது.

இப்போது யார் சாமான் வைக்கக் கேட்டாலும் கிட்டங்கிச் சாவியை நான் கொடுப்பதில்லை. வீட்டு மாடியில் மருந்து படாத அறை ஒன்றைக் காலி செய்து வைத்திருக்கிறேன். அதன் சாவி தம்பி மனைவியிடம் இருக்கிறது.