பழுப்பு வானத்துக்குப் பரிசு இல்லை

வேப்பம்பட்டில் நான் குடியிருக்கும் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. போகிக்கு முந்தைய வாரம் அங்கே 'தூய காற்று' என்ற தலைப்பில் ஓவியப் போட்டி நடத்தினார்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்பதால் என்னையும் நடுவராக உட்கார வைத்தார்கள். என்னோடு பள்ளி ஆசிரியை ஒருவரும், பக்கத்து நகரின் குடியிருப்போர் நலச்சங்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் இருந்தார்கள்.

மறுநாள் பெற்றோர்களுக்குப் பள்ளிச் செய்தி போனது. சிறப்பு விருந்தினர் பெயர், பொன்னாடை போர்த்தியவர் பெயர், முதல் மூன்று பரிசு பெற்ற பிள்ளைகள், பிறகு 'மரம் நடுவோம், மாசு தவிர்ப்போம்' என்ற உறுதிமொழி. அந்தச் செய்தியில் இடம்பெறாத ஒரு படத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. அதை ஒதுக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

நாற்பது சொச்சம் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. நீல வானம், பச்சை மரம், சிரிக்கிற பூமி, குறுக்கே ஒரு சைக்கிள். ஒரே ஒரு படத்தில் மட்டும் வானம் முழுக்கப் பழுப்பு. நடுவில் உயரமான புகைபோக்கி, அதன் கீழே தலையில் கல் சுமந்து போகும் ஒரு பெண், ஓரத்தில் தகரக் குடிசை. நான்காம் வகுப்புப் பிள்ளை வரைந்தது.

"தம்பி, தலைப்பு தூய காற்றுதானே? இதுல வெறும் புகைதானே இருக்கு?" என்றார் நலச்சங்கத்துக்காரர். ஆசிரியை தயங்கினார். நான், "தலைப்புக்குப் பொருந்தலைதான் சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். வானத்துக்கு ஏன் பழுப்பு அடித்தாய் என்று கேட்டேன். "அங்க அப்படித்தான் சார் இருக்கும்" என்றாள். அவள் அம்மா செங்கல் சூளையில் கல் அறுக்கிறார். சீசன் முழுக்கச் சூளையிலேயே தங்கல். பிள்ளை இங்கே பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறாள், லீவு விட்டால் அம்மாவிடம் போய்விடுவாள். அவள் வரைந்தது கற்பனை இல்லை, முகவரி.

திருவள்ளூர் மாவட்டத்துக்குச் செங்கல் சூளை புதிதல்ல. மழை ஓய்ந்த பிறகு தொடங்கி அடுத்த மழை வரும்வரை சேம்பர்கள் எரிகின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் யார்? இருளர்கள், பட்டியலினத்தவர்கள், ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வரும் தலித், பழங்குடிக் குடும்பங்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். அதற்கு 35 ஆண்டுகள் கழித்து, 2011-இல், இதே மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள்.

2022 பிப்ரவரியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் செங்கல் சூளைகளுக்கான விதிகளைத் திருத்தியது. புதிய சூளை எதுவானாலும் குடியிருப்பிலிருந்தும் பழத்தோட்டத்திலிருந்தும் குறைந்தது 800 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. நல்ல விதிதான். ஆனால் சூளைக்குள்ளேயே தகரக் குடிசையில் பிள்ளைகுட்டிகளோடு ஆறேழு மாதம் வாழ்கிறவர்களுக்கு அந்த 800 மீட்டர் எங்கே இருக்கிறது? மாந்தோப்புக்கு இடைவெளி உண்டு. கல் அறுக்கிறவரின் வீடு 'குடியிருப்பு' என்ற கணக்கிலேயே வருவதில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று வகுத்த மூளைக்கு இந்தக் கணக்கு இயல்பாகத்தான் இருக்கும்.

காற்று எல்லோருக்கும் பொது, அதில் ஏது சாதி என்று கேட்கலாம். போட்டி நடந்த அறையின் சுவரிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. தண்ணீரில் சாதி பார்த்த சமூகம் இது. பள்ளியில் தனிக் கோணியில் உட்கார்ந்து, பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்றிருந்ததை அண்ணல் அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1927-இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடிப்பதே ஒரு போராட்டமாக இருந்தது. குளத்தைப் போலக் காற்றுக்கு வேலி போட முடியாது, உண்மைதான். ஆனால் புகைபோக்கியை எங்கே வைப்பது, அதன் அடியில் யாரை நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்க முடியும். குப்பைமேடு எந்தப் பகுதிக்குப் போகும், மறுகுடியமர்வு வீடுகள் எந்த ஓரத்துக்குப் போகும் என்பதும் அப்படித் தீர்மானிக்கப்படுவதுதான். காற்றில் சாதி இப்படித்தான் நுழைகிறது.

'தூய' என்ற சொல்லும் நம் மண்ணில் அப்பாவிச் சொல் அல்ல. யார் தூய்மையானவர், யார் தூய்மை செய்ய வேண்டியவர் என்று பிரித்து வைத்ததுதான் சாதி. 2020-இல் தமிழ்நாடு அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயர் மாறியது. அந்த வேலையில் பெரும்பாலும் எந்தச் சாதியினர் நிற்கிறார்கள் என்பது மாறவில்லை. குப்பையை அள்ளிப்போக வண்டி வராத இடத்தில் அதைக் கொளுத்துகிறவரின் நுரையீரலுக்குத்தான் முதல் புகை போகிறது. உறுதிமொழியிலோ அவர்தான் மாசு செய்கிறவர்.

இந்தப் போட்டிகளில் எனக்குள்ள சிக்கலும் இதுதான். பிள்ளைகள் படம் வரையட்டும், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நாம் அவர்களிடம் கேட்பது, 'காற்று சுத்தமாக நீ என்ன செய்வாய்?' என்ற ஒற்றைக் கேள்வி. பட்டாசு வெடிக்க மாட்டேன், டயர் கொளுத்த மாட்டேன் என்று பிள்ளை பதில் சொல்கிறது. புகையை உண்டாக்கி லாபம் பார்க்கிறவர் அந்தக் கேள்விக்குள்ளேயே வருவதில்லை. எங்கள் நடுவர் குழு உட்கார்ந்திருந்த கட்டடமும், நலச்சங்கத்துக்காரரின் மாடி வீடும், நான் வாடகைக்கு இருக்கும் வீடும் செங்கல்லால் கட்டியவை. கல் நமக்கு, புகை அவர்களுக்கு. அதை ஒரு பிள்ளை வரைந்து காட்டினால் தலைப்புக்குப் பொருந்தவில்லை என்கிறோம்.

இது நம் நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. லண்டனில் போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலையை ஒட்டி வாழ்ந்த எல்லா கிஸ்ஸி டெப்ரா என்ற கறுப்பினச் சிறுமி, 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் ஒன்பது வயதில் இறந்தாள். அவள் தாய் ரோசமண்ட் விடாமல் போராடியதால் 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படிப் பதிவான முதல் சாவு அது. பதிவு செய்யவே ஏழு ஆண்டுகள் ஆயின. நம் சூளைகளில் இருமுகிறவர்களின் சாவை யார், எந்தப் படிவத்தில் பதிவு செய்வார்கள்?

காற்றில் கலந்திருக்கும் மிக நுண்ணிய துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. இந்தியா அனுமதிக்கும் அளவு 40. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் வேகமாக மூச்சுவிடுகிறார்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் இழுக்கும் காற்று அதிகம். ஒரு சூளைக்குள் அந்த எண் என்னவாக இருக்கும் என்று அளக்க அங்கே கருவி வைக்க வேண்டும். அதற்கு முதலில் அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

தலைமையாசிரியரிடம் போய் நான் செய்தது தவறு என்று சொன்னேன். "முடிவு அறிவிச்சாச்சே சார்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அடுத்த முறை மூன்று விஷயங்களைச் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். போட்டியின் கேள்வி, 'உன் வீட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்து புகை வருகிறது?' என்று இருக்கட்டும். பரிசு பெற்றவை, பெறாதவை என்று பிரிக்காமல் எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டட்டும். அந்தப் படங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு கையோடு எடுத்துக்கொண்டு ஜனவரி 26 கிராம சபைக்குப் போகட்டும். சூளைத் தொழிலாளர் குடிசையும் குடியிருப்பே என்று தீர்மானம் போடக் கேட்கட்டும். தீர்மானம் போட்ட உடனே புகை நிற்காது. ஆனால் அந்தக் குடிசை முதல் தடவையாக ஒரு அரசுப் பதிவேட்டில் ஏறும்.

பழுப்பு வானம் வரைந்த படத்தை அந்தப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். பொங்கல் லீவில் அம்மாவிடம் காட்டப் போவதாகச் சொன்னாள். பரிசு கிடைத்ததா என்று அந்த அம்மா கேட்டிருப்பார்.