‘பிற’ என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டவை: எய்ட்ஸ் காலக் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர் இதழ்களும் இதழியல் ஆய்வின் அளவுகோல்களும்

முன்னுரை

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகத் தமிழ்ச் சிற்றிதழ் ஒன்றுக்குப் பொருளடைவு தயாரித்தேன். கவிதை, சிறுகதை, கட்டுரை, நேர்காணல், நூல் மதிப்புரை எனப் பகுத்தபின் எஞ்சிய கூட்ட அறிவிப்புகள், சந்தா வேண்டுகோள்கள், வாசகர் கடிதங்கள், இரங்கல் குறிப்புகள் ஆகிய அனைத்தையும் ‘பிற’ என்னும் ஒரே தலைப்பின்கீழ்ச் சேர்த்தேன். அப்பகுப்பில் குறையிருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் அமெரிக்கக் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்கள் எய்ட்ஸ் பரவிய காலத்தில் நடத்திய இதழ்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான், ‘பிற’ என்பது ஒரு வகைமையன்று, ஆராயாமல் எடுக்கப்பட்ட ஒரு முடிவு என்பது விளங்கியது.

ஓர் இதழின் தகுதியை அதன் ஆயுட்காலம், விற்பனை, அதில் எழுதியோரின் இலக்கியப் புகழ் ஆகியவற்றைக் கொண்டு அளப்பது நம் இதழியல் ஆய்வுகளில் வழக்கமாக உள்ளது. இவ்வளவுகோல்கள், ஒரு சமூகம் தன் உயிர்வாழ்வுக்காக நடத்திய இதழ்களை அளக்கப் போதா என்பதும், அத்தகைய இதழ்களில் அறிவிப்பும் இரங்கலுமே முதன்மைப் பனுவல்கள் என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகளாகும்.

இருவகை மௌனம்

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தன்பாலீர்ப்புடைய இளைஞர் ஐவருக்கு ஏற்பட்ட அரிய நுரையீரல் அழற்சியைப் பதிவு செய்தது. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவப் பதிவு இதுவே. அதற்கு முன்பே, அவ்வாண்டு மே மாதத்தில், ‘நியூயார்க் நேட்டிவ்’ என்னும் தன்பாலீர்ப்பாளர் இதழ் இந்நோய் குறித்த பேச்சுகளைச் செய்தியாக்கியிருந்தது. அவை பெரும்பாலும் ஆதாரமற்றவை என்பதே அன்று அச்செய்தி தந்த தகவல். தகவல் பிழைபட்டது, எனினும் தன் வாசகரின் உடலைப் பற்றி நாட்டின் பெரிய நாளிதழ்களுக்கு முன்பே அவ்விதழ் கேள்வி எழுப்பியது என்பது நோக்கத்தக்கது.

அக்கேள்வி எவருடைய உடலைப் பற்றியது என்பதே சிக்கல். வெள்ளையர் தலைமையில் நடந்த தன்பாலீர்ப்பாளர் இதழ்களிலும் பொது ஊடகங்களிலும் எய்ட்ஸ் நோயாளி என்றவுடன் எழுந்த உருவம் வெள்ளை ஆணின் உருவமே. 1986 அக்டோபரில் மேற்குறித்த மையம் வெளியிட்ட கணக்கு இதற்கு மாறானது. அதுவரை பதிவான 24,576 நோயாளிகளில் 25 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். நாட்டின் மக்கள்தொகையில் அவர்களின் பங்கோ 12 விழுக்காடு மட்டுமே.

மறுபுறம் கறுப்பினப் பொது இதழ்களும் திருச்சபைகளும் தயங்கின. தம் இனத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சம் அத்தயக்கத்திற்கு ஒரு காரணம். கேத்தி கோஹன் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்நிலையை இரண்டாம் நிலை ஒதுக்கம் என விளக்குகிறார். ஒதுக்கப்பட்ட ஒரு குழு, பொதுச் சமூகத்தின் முன் தன் நற்பெயரைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன்னுள் மேலும் நலிந்தோரை விலக்கி வைப்பதே அது. தலித் இலக்கியத்தையும் பெண்ணெழுத்தையும் பயிலும் தமிழாய்வாளருக்கு இக்கருத்து அயலானதன்று.

1986இல் அமெரிக்கப் பொதுநலவியல் கழகத்தின் மாநாட்டில் எய்ட்ஸ் பற்றிய அமர்வில் வெள்ளையரல்லாத பேச்சாளர் ஒருவரும் இடம்பெறவில்லை. இதழாளரும் கவிஞருமான கிரெய்க் ஹாரிஸ் மேடையேறி ஒலிவாங்கியைத் தம் கையில் எடுத்துப் பேசினார். இருவகை மௌனத்திற்கும் இடையில் அகப்பட்டோர்க்கு அன்று எஞ்சிய வழி இத்தகையதாகவே இருந்தது.

இதழ்களின் தோற்றம்

இவ்விதழ்கள் எய்ட்ஸால் மட்டும் தோன்றியவை அல்ல. வாஷிங்டனில் சிட்னி பிரிங்க்லி 1979இலேயே ‘பிளாக்லைட்’ இதழைத் தொடங்கிவிட்டார். நியூயார்க்கில் ‘அசேலியா’ என்னும் இதழை வெள்ளையரல்லாத தன்பாலீர்ப்புப் பெண்கள் 1977 முதல் நடத்தினர். நோய் பரவியபோது, முன்பே உருவாகியிருந்த இவ்வெழுத்துப் பழக்கம் புதிய பணியை ஏற்றது.

1986இல் ஜோசப் பீம் தொகுத்த ‘இன் த லைஃப்’ என்னும் நூல் வெளிவந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு புத்தகக் கடையில் பணியாற்றிய பீம், அங்கிருந்த அடுக்குகளில் தம்மைப் போன்றோர் எழுதிய நூல்கள் இல்லாமையைக் கண்டு மேற்கொண்ட தொகுப்பு அது. கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர் தேசியக் கூட்டமைப்பின் ‘பிளாக்/அவுட்’ இதழுக்கும் அவரே ஆசிரியர். அதே 1986இல் நியூயார்க்கில் ‘அதர் கண்ட்ரீஸ்’ என்னும் எழுத்தாளர் குழு தோன்றியது. எய்ட்ஸ் காலக் கறுப்பினக் குரல்களைத் தொகுத்த ‘சோஜர்னர்’ என்னும் நூலை அக்குழு 1993இல் வெளியிட்டது.

லாஸ் ஏஞ்சலஸில் ஆலன் பெல் 1988 டிசம்பரில் ‘பி.எல்.கே.’ இதழைத் தொடங்கினார். 1977இல் நியூயார்க்கில் ‘கேஸ்வீக்’ என்னும் வார இதழைத் தொடங்கிய பட்டறிவு அவருக்கு உண்டு. பாதுகாப்பான பாலுறவை வலியுறுத்திக் கறுப்பின ஆண்களுக்கென அவர் நடத்திய குழுவின் செய்தி மடலிலிருந்தே இவ்விதழ் வளர்ந்தது. அறிவிப்பு மடல் முதலில் தோன்றியது. இதழ் அதிலிருந்து கிளைத்தது. ‘பிற’ என நாம் ஒதுக்கும் பகுதியே இங்கு வேராக இருந்தது.

அறிவிப்பு ஏன் முதன்மைப் பனுவலாகிறது என்பதற்கு அன்றைய அரசியலிலும் சான்று உண்டு. தன்பாலுறவை ஊக்குவிப்பதாகக் கருதப்படும் எய்ட்ஸ் விழிப்புணர்வு ஏடுகளுக்கு ஒன்றிய அரசின் நிதியைத் தடுக்கும் திருத்தம் ஒன்றை 1987இல் செனட் உறுப்பினர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவர, அது நிறைவேறியது. அரசு நிதியில் அச்சான ஏடு சுற்றிவளைத்துப் பேச வேண்டியிருந்தது. சந்தாவிலும் விளம்பரத்திலும் நடந்த இதழ், எதைச் செய்தால் தொற்றும், எதைச் செய்தால் தொற்றாது என்பதை வாசகரின் மொழியிலேயே சொல்ல முடிந்தது. எந்தத் தெருவில் எந்தக் கிழமை கூட்டம் நடக்கும் என்ற ஒரு வரி, அதைப் படித்தவரின் ஆயுளை நீட்டியிருக்கக்கூடும். இவ்வரியை இலக்கியமன்று எனத் தள்ளலாம். வரலாறன்று எனத் தள்ளவியலாது.

இரங்கல் குறிப்பும் கையறுநிலையும்

1988 டிசம்பர் மாதம் இப்பொருளில் தனித்து நோக்கத்தக்கது. பி.எல்.கே. தொடங்கிய அதே மாதம் 20ஆம் நாள் மேக்ஸ் ராபின்சன் எய்ட்ஸால் இறந்தார். தேசியத் தொலைக்காட்சியின் மாலைச் செய்தி அரங்கில் அமர்ந்த முதல் கறுப்பினச் செய்தியாளர் அவர். கறுப்பின இதழாளர் தேசியச் சங்கத்தை 1975இல் தோற்றுவித்தோருள் ஒருவர். தம் நோயை அவர் வாழுங்காலத்தில் வெளியிடவில்லை. தம் மரணம் கறுப்பினத்தவரிடையே எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வுக்குப் பயன்பட வேண்டும் என்ற அவரது விருப்பம் இறப்புக்குப் பின்னரே வெளிப்பட்டது. ஒரு வாரம் கழித்து, 27ஆம் நாள், ஜோசப் பீம் எய்ட்ஸால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 33. நாட்டுக்கே செய்தி சொன்னவர், தம்மைப் பற்றிய செய்தியை உயிரோடிருக்கும்போது சொல்ல இயலாத சூழலில்தான் இவ்விதழ்கள் இரங்கல் எழுதின.

தமிழ் மரபில் பயின்ற ஒருவருக்கு இங்குக் கையறுநிலை நினைவுக்கு வருவது இயல்பு. தொல்காப்பியம் இதனைக் காஞ்சித்திணையில் வைக்கிறது. இறந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்பும் நிலை என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆயினும் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தகாது. பாரியை இழந்த கபிலர், உலகறிந்த புகழுடைய ஒருவனுக்காக இரங்கினார். பாரி யார் என்பதை நிறுவ வேண்டிய தேவை அவருக்கு இல்லை. எய்ட்ஸ் காலத்துக் கறுப்பின இரங்கலின் முதற்பணியோ, இறந்தவர் யார் என்பதை நிறுவுவதாகவே இருந்தது.

1992இல் கவிஞர் டொனால்ட் வுட்ஸ் இறந்தபோது நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம். அவருடைய இறுதிச் சடங்கில் அவரது தன்பாலீர்ப்பும் அவருக்கிருந்த எய்ட்ஸ் நோயும் பேசப்படாமல் விடப்பட்டன. ஹைட்டியில் பிறந்த கவிஞரும் பதிப்பாளருமான அசோட்டோ செயின்ட் அவையில் எழுந்து நின்று அவ்விரண்டையும் அறிவித்தார். குடும்பத்தின் துயருக்கு நடுவே அவ்வாறு பேசியது முறையா என்ற வினா எழலாம், எழவும் வேண்டும். ஆனால் அன்று அவர் பேசியிராவிடில், வுட்ஸ் யாரோடு வாழ்ந்தார், எதனால் இறந்தார் என்பது அச்சபையின் நினைவில் இருந்திராது. இவ்விதழ்களின் இரங்கல் குறிப்பு இதே பணியை அச்சில் செய்தது.

மற்றொரு வேறுபாடும் சுட்டத்தக்கது. இங்கு எஞ்சியோர் நெடுங்காலம் எஞ்சவில்லை. பீமுக்காக இரங்கற்பா எழுதியவர் எசெக்ஸ் ஹெம்ஃபில். பீம் முடிக்காது விட்ட இரண்டாம் தொகுப்பை அவருடைய அன்னையார் டோரதி பீமின் துணையோடு ஹெம்ஃபில் நிறைவு செய்து 1991இல் வெளியிட்டார். அவரும் 1995இல் 38ஆம் வயதில் எய்ட்ஸால் இறந்தார். அசோட்டோ செயின்ட் 1994இல் 36ஆம் வயதிலும், திரைப்பட இயக்குநர் மார்லன் ரிக்ஸ் அதே ஆண்டில் 37ஆம் வயதிலும் இறந்தனர். நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல்தான் பரவலாயிற்று.

மறுப்புகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இவ்விதழ்கள் குறுகிய காலமே வாழ்ந்தன என்பது. பி.எல்.கே. 1994 வரையே வெளிவந்தது. பணமின்மையோடு, எழுதுவோரும் வாசிப்போரும் இறந்துகொண்டிருந்த சூழலையும் கருதாமல் ஆயுட்காலத்தை எண்ணுவது பொருந்தாது. இங்கு ஆயுட்காலம் இதழின் தகுதியை அளப்பதன்று. இதழ் நடந்த காலத்தின் கொடுமைக்குச் சான்று.

இரண்டாவது, இவை நடுநிலையற்றவை என்பது. பி.எல்.கே. தன் முழக்கவரியிலேயே இதற்கு விடையளித்தது. செய்திக்கு வேண்டுமென்றே நிறமேற்றுவதாக அது கூறிக்கொண்டது. ஆங்கிலத்தில் அச்சொல் கறுப்பினத்தையும் ஒருசார்பையும் ஒருங்கே குறிக்கும் சிலேடை. நிறமற்றதாகக் காட்டிக்கொண்ட செய்தி வெள்ளை நிறமுடையதாயிருந்தது என்பதே அச்சிலேடையின் உட்பொருள்.

மூன்றாவது மறுப்பே வலியது. எய்ட்ஸை மையமாக்கி இவற்றைப் படித்தால், வாழ்ந்தோரை மரணத்தால் மட்டும் அடையாளப்படுத்திவிடுவோம் என்பது அது. இதனை நான் ஏற்கிறேன். இவ்விதழ்களில் காதலும் கேலியும் கொண்டாட்டமும் இருந்தன; பி.எல்.கே. நிறுவனம் ‘கும்பா’ என்னும் கவிதையிதழையும் நடத்தியது. மேலும், எய்ட்ஸ் என்னும் சட்டகம் பெண்களை மறைத்துவிடும். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1989 முதல் 1993 வரை லிஸ்பெட் டெல்லெஃப்சனும் பிப்பா ஃபிளெமிங்கும் தொடங்கி நடத்திய ‘அச்சே’ கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண்களின் இதழ். அதனை நோயின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக்குவது பிழை. நோய்க் கட்டுப்பாட்டு மையமே பெண்களிடம் காணப்படும் கருப்பைவாய்ப் புற்றை எய்ட்ஸ் வரையறைக்குள் 1993இல்தான் சேர்த்தது. அதுவரை அப்பெண்கள் மருத்துவத்தின் அடைவில் ‘பிற’ என்ற நிலையிலேயே இருந்தனர். ‘பிற’ என்பதை எதிர்க்கும் ஆய்வு தனக்கென ஒரு ‘பிற’வை உருவாக்கிவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

நிறைவுரை

இவ்விதழ்கள் இன்று ஆய்வுக்குக் கிடைப்பது தற்செயலன்று. பீமின் தாள்களை நியூயார்க்கின் ஷோம்பர்க் மையம் பாதுகாக்கிறது. மகனின் தாள்களைக் குப்பையெனக் கருதாத ஒரு தாயும், துண்டறிக்கையையும் ஆவணமாக ஏற்ற நூலகரும் இருந்தமையால் இது இயன்றது.

அதே 1986இல்தான் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். அதன்பின் தமிழில் அச்சான துண்டறிக்கைகளும் அமைப்புகளின் செய்தி மடல்களும் தமிழ் உரைநடையே. அவை எந்த நூலகத்தில் உள்ளன, எந்த அடைவில் இடம்பெறும் என்பது தமிழ்த்துறைகள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. நம்மால் உடனே செய்யத்தக்கவை இரண்டு. இதழ்களைக் கட்டடம் செய்யும்போதும் மின்னுருவாக்கும்போதும் அட்டை, விளம்பரம், அறிவிப்புப் பக்கங்களை நீக்காதிருத்தல் ஒன்று. இதழடைவுகளில் அறிவிப்பையும் இரங்கலையும் தனி வகைகளாக்கி, பெயரும் நாளும் இடமும் தருதல் மற்றொன்று.

என் பழைய அடைவை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். ‘பிற’ பகுதியில் பதினோர் இரங்கல் குறிப்புகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இதழ் எண்ணும் பக்க எண்ணும் கொடுத்திருக்கிறேன். இறந்தவர் எவர் என்பதை ஓரிடத்திலும் குறிக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்பதினொரு பெயர்களையும் சேர்த்து வருகிறேன்.