விடியற்காலை விமானம், முழுநாள் வாடகை



அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி பகுதிகளிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் திருச்சி விமான நிலையம்தான் வாசல். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். விடியற்காலை விமானம் என்றால் நள்ளிரவில் அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்தில் பேருந்தை நம்ப முடியாது. தனிக் காருக்குக் கொடுக்க எல்லோரிடமும் பணமில்லை. முந்தைய இரவே போய் விடுதியில் தங்கினால், நாலு மணி நேரத் தூக்கத்துக்கு முழுநாள் வாடகை. ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டியவர் அதை எப்படித் தருவார்? வழியனுப்ப வரும் வயதான தாய், கைக்குழந்தையோடு மனைவி என்று குடும்பமே கூட வருகிறது. எப்படியோ வண்டி பிடித்து வருபவர்களும் அதற்குள்ளேயே இரவைக் கழிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் அழகாகவே இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அழகு மட்டும் போதாது. பல ரயில் நிலையங்களில் ஓய்வறையையும் படுக்கைக் கூடத்தையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள். அதே முறையில், முனையத்துக்கு வெளியே, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் குளியலறை வசதியுடன் குறைந்த கட்டணக் கூடங்களை விமான நிலைய ஆணையம் அமைக்க வேண்டும். அதுவரை, அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை வழியாக நள்ளிரவுக்கு முன் விமான நிலைய வாசலில் இறக்கிவிடும் ஒரு பேருந்தையாவது அரசுப் போக்குவரத்துக் கழகம் இயக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
அறந்தாங்கி.