எட்ட நின்று கிட்டப் பார்க்கும் வில்லை

படம் பிடிக்கும் கலை ஒரு காலத்திற் செல்வருக்கும் ஸ்ரூடியோக்காரருக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. இன்றோ கைத்தொலைபேசி உள்ள வீடெல்லாம் கமரா உள்ள வீடே. எனினும், பூவின் மகரந்தப் பொடியையும் தும்பியின் கண்ணையும் நுணுக்கமாகக் காணவேண்டும் என்ற ஆவல் ஓர் இளைஞனுக்கு உண்டாகுமாயின், அவன் விரைவில் ‘மக்ரோ வில்லை’ என்னும் பெயரைக் கேள்விப்படுகின்றான். அடுத்து அதன் விலையையும் கேள்விப்படுகின்றான். அன்றிலிருந்து அது அவனுடைய பொழுதுபோக்காக மட்டும் இராது, குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கிலும் இடம்பெற்றுவிடுகின்றது.

“எந்த வில்லை நல்லது?” என்று மாணவரும், அவரினும் கூடிய கவலையோடு பெற்றோரும் நம்மிடம் வினாவுவதுண்டு. இதற்கு நேரான விடை இல்லை. “எதைப் படம் பிடிக்கப் போகின்றாய்? அது உன்னை எவ்வளவு கிட்ட வரவிடும்?” என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்டபின்னரே கடைப்படி ஏறவேண்டும். இவ்விரண்டையும் எண்ணாது வாங்கிய வில்லைகள் பல, ஈரம் பிடித்து அலுமாரியில் உறங்குகின்றன.

பெயரும் பொருளும்

மக்ரோ வில்லை என்பது யாது? பழைய கமராவில் பிலிம் இருந்த இடத்தில் இன்று ஒளியை உணரும் உணரி இருக்கின்றது. 12 மில்லிமீற்றர் நீளமுள்ள தேனீயின் விம்பம் அவ்வுணரியிலும் 12 மில்லிமீற்றராகவே விழுமாயின், அதனை 1:1 என்ற உருப்பெருக்கம் என்பர். இவ்வளவு தரவல்லதே முறையான மக்ரோ வில்லை. முழு அளவு உணரியின் அகலம் 36 மில்லிமீற்றர். ஆகவே 36 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு பொருள் படத்தை முற்றாக நிரப்பிவிடும். தொடக்கக்காரர் பெரும்பாலும் வாங்கும் சிறிய உணரிக் கமராக்களில் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர்ப் பொருளே படத்தை நிரப்பும்.

சாதாரண ஸூம் வில்லைகள் பலவற்றில் ‘மக்ரோ’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டு மயங்கலாகாது. அவற்றுட் பல 1:3 அல்லது 1:4 அளவோடு நின்றுவிடும். பெட்டியில் எழுதிய பெயரை விட்டு, உள்ளே வைத்த விபரத்தாளில் உருப்பெருக்க எண்ணைத் தேடுக.

35 மில்லிமீற்றர்க் கமராவுக்கென அமைந்த மக்ரோ வில்லைகளுள் முன்னோடியானது, ஜேர்மானியரான ஹைன்ஸ் கில்பிற் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மக்ரோ-கிலார்’ என்னும் 40 மில்லிமீற்றர் வில்லை. அடுத்த ஆண்டில் ஜப்பானில் ‘மைக்ரோ-நிக்கோர்’ தோன்றிற்று. அது பூச்சிக்காகப் பிறந்ததன்று. கோடுகள் நெருங்கிய ஜப்பானிய எழுத்துக்களை மைக்ரோ பிலிமில் மங்காது பிரதி செய்யப் பிறந்தது. பிற நிறுவனத்தார் ‘மக்ரோ’ என்பதை நிக்கொன் நிறுவனத்தார் நெடுங்காலம் ‘மைக்ரோ’ என்று வழங்கியதும் இதனாலேயே. பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. தட்டையான தாளை மூலைக்கு மூலை தெளிவாகப் பதிப்பது இவ்வில்லைகளின் பிறவிக்குணம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, மீளப் பெறமுடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. வீட்டுப் பெட்டகத்தில் பாட்டனாரின் ஏடோ கடிதமோ பழைய குடும்பப் படமோ இருக்குமாயின், தும்பியைத் தேடிப் போகுமுன் அவற்றைப் பிரதி எடுத்து வைப்பது இளைஞர் செய்யத்தக்க நற்பணியாகும். அதற்கு 50 அல்லது 60 மில்லிமீற்றர் வில்லையே போதும்.

இடைவெளியே முதற் கணக்கு

கடைக்குச் செல்வோர் குவியத்தூரம் என்னும் எண்ணைக் கண்டு திகைப்பர். 60, 100, 180 என மூவகை வில்லைகள் இருக்கும். மூன்றும் 1:1 தருவனவாயின், தேனீயின் விம்பம் மூன்றிலும் ஒரே அளவாகவே விழும். அங்ஙனமாயின் கூடிய விலை எதற்கு?

வில்லையின் முகத்துக்கும் பொருளுக்கும் நடுவே எஞ்சும் இடைவெளிக்கு என்க. 1:1 அளவிற் படம் பிடிக்கும்போது, 60 மில்லிமீற்றர் வில்லையில் இவ்விடைவெளி ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். 100 அல்லது 105 மில்லிமீற்றர் வில்லையில் 13 முதல் 15 சென்ரிமீற்றர் வரை கிடைக்கும். 180 மில்லிமீற்றர் வில்லையில் அது 25 சென்ரிமீற்றர் அளவாகும். முத்திரையும் நாணயமும் 5 சென்ரிமீற்றரில் வில்லையைக் கண்டு ஓடப்போவதில்லை. வண்ணத்துப்பூச்சியோ ஓடிவிடும். ஓடாது நிற்கும் முசுறு கையிலேறிக் கடித்துவிடும்! போதாக்குறைக்கு வில்லையின் நிழலும் பொருளின்மீது விழுந்து படத்தைக் கெடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விபரத்தாளில் ‘மிகக் குறைந்த குவிப்புத் தூரம் 30 சென்ரிமீற்றர்’ என்றிருக்கும். அத்தூரம் வில்லையின் முகத்திலிருந்து அளக்கப்படுவதன்று. கமராவின் உள்ளே உள்ள உணரியிலிருந்து அளக்கப்படுவது. வில்லையின் நீளத்தையும், உணரிக்கும் வில்லை பொருந்தும் வளையத்துக்கும் இடையேயுள்ள தூரத்தையும் கழித்தால், 30 என்பது 13 ஆகச் சுருங்கிவிடும்.

எள்ளளவு தெளிவு

தொடக்கக்காரர் மனம் சோர்வது தெளிவின் ஆழத்தைக் காணும்போதே. 1:1 அளவில், துவாரத்தை எப்/8 இல் வைத்தால், முழு அளவு உணரியில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றரே. ஓர் எள்ளின் பருமன் என்னலாம். தேனீயின் கண் தெளிந்தால் சிறகு மங்கும். விலை கூடிய வில்லை வாங்கினால் இக்குறை நீங்கும் என்று எண்ணுவது தவறு. 60 ஆயினும் 180 ஆயினும், உருப்பெருக்கமும் துவாரமும் ஒன்றாயின் ஆழமும் ஏறக்குறைய ஒன்றே. 1:2 அளவோடு நின்றாற் போதுமெனில், அதே துவாரத்தில் ஆழம் ஏறக்குறைய மும்மடங்காகும்.

துவாரத்தை மேலும் மேலும் சுருக்கலாமே எனின், அதற்கும் எல்லை உண்டு. 1:1 அளவில் வில்லை தரும் ஒளி காற்பங்காகக் குறைகின்றது. எப்/8 என்று வைத்தது எப்/16 போலத் தொழிற்படும். எப்/22 வரை சுருக்கினால் ஒளியின் கோணலால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். ஆதலால் எப்/8 முதல் எப்/11 வரையே பெரும்பாலும் பயன்படும். எப்/2.8 என்ற பெரிய துவாரத்துக்காக மட்டும் கூடிய பணம் கொடுக்கவேண்டியதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

தானாகக் குவிக்கும் பொறி இத்துணைக் கிட்டத்தில் அடிக்கடி தடுமாறும். குவிப்பைக் கையால் ஓரளவில் நிறுத்தி, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிவுறும் கணத்தில் அழுத்துவதே நற்பழக்கம். ஒன்றுக்குப் பத்துப் படம் எடுத்து ஒன்றைத் தேர்க. அசையாப் பொருளாயின், குவிப்பைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்கள் எடுத்து அவற்றைக் கணினியில் ஒன்றாக்கவும் வழியுண்டு.

சில்லறைச் செலவிற் பயிற்சி

வில்லை வாங்குமுன் நீட்டிப்புக் குழாயொன்றைப் பயன்படுத்திப் பார்ப்பது நன்று. கமராவுக்கும் வில்லைக்கும் இடையில் மாட்டும் வெறும் வளையமே இது. உள்ளே கண்ணாடி இல்லை. கணக்கும் எளிது. குழாயின் நீளத்தை வில்லையின் குவியத்தூரத்தாற் பிரித்தால் உருப்பெருக்கம் வரும். 50 மில்லிமீற்றர் வில்லையைத் தொலைதூரக் குவிப்பில் வைத்து 25 மில்லிமீற்றர்க் குழாயை மாட்டினால் 1:2. 50 மில்லிமீற்றர்க் குழாயை மாட்டினால் 1:1. ஆனால் மாட்டியிருக்கும்வரை தொலைவிலுள்ளவற்றைப் பிடிக்க முடியாது. மின்தொடுப்பு இல்லாத மலிவான குழாய்களைப் பொருத்தினால், இன்றைய வில்லைகள் பலவற்றில் துவாரத்தை மாற்றவும் இயலாது. மின்தொடுப்பு உள்ளதையே கேட்டு வாங்குக.

பழைய கையாற் குவிக்கும் மக்ரோ வில்லைகளும் தக்க பொருத்து வளையத்தோடு இன்றைய கண்ணாடியில்லாக் கமராக்களிற் பொருந்தும். பிறர் பாவித்ததை வாங்குவதில் இழிவில்லை. ஆனால் நமது ஈரக் காற்றில் வில்லையினுள்ளே பூஞ்சணம் படர்வது எளிது. துவாரத்தை முழுதாகத் திறந்து, ஒரு புறத்தில் ரோச் விளக்கைப் பிடித்து, மறுபுறத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்திநூல் போன்ற இழை தென்படின், விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுக.

எதை வாங்கலாம்?

குழாயோடு ஒரு மாதம் பழகிய பின்னரும் ஆவல் குறையவில்லையாயின் வில்லை வாங்கலாம். மேசைமேல் வைக்கும் பொருள், ஏடு, முத்திரை, பூ ஆகியவற்றோடு நிற்பவருக்கு 50 முதல் 60 வரை. தோட்டத்திலும் வேலியோரத்திலும் பூச்சிகளைத் தேடுபவருக்கு 90 முதல் 105 வரை. ஒன்றே வாங்கக்கூடியவர் இந்நடுத்தரத்தைத் தெரிந்தால் பின்னர் வருந்தமாட்டார். ஆட்களைப் படம் பிடிக்கவும் அது உதவும். 180 பாரமானது, முக்காலி வேண்டும், விலையும் கூட. தொடக்கக்காரர் அதைப் பொறுத்து வைக்கலாம். கைநடுக்கம் தடுக்கும் அமைப்புக்குக் கூடிய பணம் கேட்பர். 1:1 அளவில் அதன் உதவி குறைந்துவிடும். காற்றில் ஆடும் பூவை அது நிறுத்தாது. மிஞ்சிய பணத்துக்கு ஒரு பிளாஷ் விளக்கு வாங்கி, அதன் முன்னே மெல்லிய வெள்ளைத்தாளைக் கட்டி ஒளியைத் தணித்துப் பாவிப்பது கூடிய பயன் தரும்.

கருவியால் மட்டும் படம் அமைவதில்லை என்பதற்குக் கார்ல் புளொஸ்பெல்ட் சான்றாவார். பெர்லின் நகரில் முப்பது ஆண்டளவு கலைப்பாடம் கற்பித்த ஆசிரியர் அவர். தாமே அமைத்த கமராவால், மொட்டையும் தண்டையும் கொழுந்தையும் வெறுமையான பின்னணியில் வைத்து, மாணவர்க்குப் பாடமாகப் பெருப்பித்துப் பிடித்தார். அவை 1928ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து உலகப்புகழ் எய்தின. இன்றைய கடைகளில் உள்ள வில்லை எதுவும் அவரிடம் இருந்ததில்லை.

உயிருக்கும் ஓர் உரிமை

இறுதியாக ஒன்று. பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் அடைத்து மயங்கச் செய்து, அது அசையாது கிடக்கும்போது படம் பிடிப்போர் உளர். பசையால் ஒட்டிவைப்போரும் உளர். படம் அழகாயிருக்கலாம், அது பூச்சியின் வாழ்வைக் காட்டும் படமாகாது. நல்ல கருவியைக் கையில் கொடுக்கும் பெற்றோர் இதனையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

கொடுமை செய்யாமலே அதே அமைதியைப் பெற வழி உண்டு. சூரியன் ஏறுமுன் தோட்டத்துக்குச் செல்க. இரவுக் குளிர் நீங்காத அந்நேரத்தில் தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் பனித்துளி சுமந்து புல்நுனியில் அசையாது இருக்கும். எட்ட நின்று மெல்ல நெருங்குக; இலையை ஒடிக்காதே; கூட்டைக் கலைக்காதே. படம் பிடித்தபின் திகதி, நேரம், இடம், எந்தச் செடி என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைக்க. பெயர் தெரியாத பூச்சியாயினும் கவலையில்லை. குறிப்போடு கூடிய படமாயின், நாளை ஒரு விலங்கியல் ஆசிரியரோ ஆராய்ச்சியாளரோ அதன் பெயரைச் சொல்லக் கூடும். குறிப்பில்லாத படத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?